வேர்க்கடலைப் பாட்டு

ஹவானாவின் சாந்தோஸ் சுவாரெஸ் வட்டாரத்தில் வளர்ந்த பிள்ளைகளுக்கு பாடகி செலியா க்ரூஸின் கதை தெரியாமல் இருக்க வழியே இல்லை. செர்ரானோ தெருவில் வளர்ந்தவர் அவர். நான் நடை பழகிய காலத்திலேயே பாட ஆரம்பித்துவிட்டார். ஆனாலும் பாட்டி சொல்லிச் சொல்லியே அந்த வானொலிப் போட்டியை நேரில் பார்த்தவன் போல ஆகிவிட்டேன். கார்சியா செர்ரா வானொலியில் ‘தேநீர் நேரம்’ என்றொரு நிகழ்ச்சி. செலியா பாடியது ஒரு தாங்கோ. கிளாவே குச்சிகள் இரண்டைக் கையில் தட்டிக்கொண்டே பாடினாராம். பரிசாக ஒரு கேக். “அர்ஜென்டினாக்காரன் பாட்டை நம்ம பாட்டாக்கிட்டாளே!” என்றுதான் பாட்டி ஒவ்வொரு தடவையும் கதையை முடிப்பாள்.

செலியாவின் அப்பா ரயில்வேயில் கரி அள்ளிப் போடும் வேலை பார்த்தவர். மகள் டீச்சராக வேண்டும் என்பது அவர் ஆசை. மேடையில் பாடும் பெண்ணை ஊர் என்ன பேசும் என்ற பயம் அவருக்கு. செலியாவும் ஆசிரியர் பயிற்சியில் சேர்ந்து படித்தார். டீச்சர் ஒரு மாதம் உழைத்து வாங்குவதைப் பாடி ஒரே நாளில் சம்பாதிக்கலாம் என்று புத்தி சொன்னவரே ஓர் ஆசிரியைதான். இதைப் பாட்டி சொல்லும்போது, டீச்சர் வேலைக்குப் படித்துக்கொண்டிருந்த சித்தி முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

சித்திக்கும் செலியாவுக்கும் ஏற்கெனவே ஆகாது. சொனோரா மத்தன்செரா இசைக்குழுவில் அதுவரை பாடியவர் மிர்த்தா சில்வா, போர்த்தோ ரிக்கோக்காரர். குறும்பும் கொஞ்சலுமாகப் பாடுவார், சித்திக்கு உயிர். அவர் விலகிப்போக, 1950 ஆகஸ்டில் அந்த இடத்துக்கு செலியா வந்தார். குழு பாடிவந்த ரேடியோ புரோகிரெஸோவுக்கு எதிர்ப்புக் கடிதங்கள் குவிந்தன. எங்கள் வீட்டில் கடிதம் எழுதவில்லை. அதற்குப் பதில் ரேடியோ குமிழைச் சித்தி ஒரு பக்கம் திருப்புவாள், பாட்டி மறுபக்கம் திருப்புவாள். பாட்டிக்கு அந்தக் குரல் புதிதல்ல. சுவாரித்தோஸ் வானொலியில் பாத்தா மேளத்தோடு ஒரிஷா தெய்வங்களுக்கான பாட்டுகளை செலியா பாடிய காலத்திலேயே கேட்டுப் பழகியவள்.

இசைத்தட்டு வெளியிட்ட நியூயார்க்கின் சீக்கோ நிறுவனத்துக்கும் தயக்கம். துள்ளலான குவாராச்சாவைப் பெண் குரலில் போட்டால் விற்காது என்பது முதலாளி சிட்னி சீகலின் கணக்கு. குழுத் தலைவர் ரொஹெலியோ மார்த்தினெஸ் விடவில்லை. 1950 டிசம்பரில் பதிவானது ‘காவ் காவ் மனி பிக்காவ்’. தலைப்பிலேயே வேர்க்கடலை இருந்த பாட்டு அது. குழுவின் பியானோக்காரர் லீனோ ஃப்ரியாஸ் எழுதிய ‘மாத்தா சிகுவராயா’வும் அதே சமயத்தில் பதிவானதுதான்.

அந்தத் தட்டு எங்கள் தெருமுனை மளிகைக் கடையின் விக்ட்ரோலா பெட்டிக்குள் வந்து சேர்ந்தது. ஐந்து சென்டாவோ காசு போட்டால் உள்ளே ஒரு கை எழுந்து தட்டை எடுத்து வைக்கும். கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு பார்ப்போம். கொஞ்சம் கரகரப்பு. பிறகு பியானோ, இரண்டு டிரம்பெட்டுகள். அடுத்து, மண்வாசனை வீசும் அந்தக் கனத்த குரல். பின்பாட்டில் கீச்சென்று ஒரு குரல் கேட்கும். அதுதான் பெண் என்று என் தம்பி சாதிப்பான். அது மராக்காஸ் ஆட்டும் காயீத்தோ. மீசை முளைத்த ஆம்பிளை என்று கடைக்காரர் சொன்னபோது அவன் நம்பவே இல்லை.

மூன்றே நிமிடம், பாட்டு முடிந்துவிடும். வெளியே வேர்க்கடலைக்காரர் நிற்பார். தகர டின்னின் அடியில் கரித்துண்டு கனன்றுகொண்டிருக்கும். மேலே குச்சி குச்சியாக, ஒல்லியான காகிதக் கூம்புகளில் கடலை. கூம்பின் வாலைக் கிள்ளி எறிந்துவிட்டு நேரே வாயில் கொட்டிக்கொள்வோம். அவர் கூவும்போது கடைசி எழுத்தை இழுத்து மேலே ஏற்றுவார். செலியாவும் அப்படித்தான் இழுப்பார். ‘யெர்பெரோ மொதெர்னோ’வில் அவர் மூலிகைகளை வரிசையாகச் சொல்லி விற்பதைக் கேட்டால், காலையில் எங்கள் வாசலில் கட்டுக்கட்டாகப் பச்சிலையோடு வந்து நின்றவரைத் தவிர வேறு யாரும் நினைவுக்கு வர மாட்டார்கள். தெருவில் கூவி விற்றவர்களிடம் இருந்த தாளத்தை நியூயார்க் நிறுவனம் தட்டில் போட்டு எங்களுக்கே விற்றது. நாங்களும் சந்தோஷமாகக் காசு போட்டோம்.

1953-ல் ‘புருந்தாங்கா’ வந்தபோது சித்தியும் கட்சி மாறிவிட்டாள். துணி பிழிந்துகொண்டே அவள் அதை முணுமுணுத்ததைப் பாட்டி கையும் களவுமாகப் பிடித்தாள். அந்தப் பாட்டுக்காகத் தங்கத் தட்டு வாங்க செலியா 1957-ல் நியூயார்க் போனபோது, தங்கள் வீட்டுப் பெண்ணே போனதுபோலத் தெருவே பேசியது.

கியூபப் புரட்சிக்குப் பின், 1960 ஜூலையில் குழுவோடு மெக்ஸிகோ போனவர் திரும்பி வந்து குடியிருக்கவே இல்லை. 1962-ல் தாய் இறந்தபோதும் வர அனுமதி கிடைக்கவில்லை. அவர் பாட்டுகள் எங்கள் வானொலியிலிருந்து மறைந்தன. 2003-ல் அமெரிக்காவில் காலமானார்.

உலகம் இன்று அவரை ‘சல்சா ராணி’ என்கிறது. வண்ண விக், ஜிகினா உடை, “அஸூகார்!” (சர்க்கரை!) என்ற முழக்கம் எல்லாம் அதோடு சேர்த்தி. அந்த ராணி மேல் எனக்கு வருத்தம் இல்லை. ஆனால் அவரைப் புதிதாகக் கேட்கப் போகிறவர்களுக்கு என் சிபாரிசு 1950-களின் 78 சுற்றுத் தட்டுகள்தான். ஜிகினா எதுவும் வருவதற்கு முன்பே அந்தக் குரலில் எல்லாமே இருந்தது. கொஞ்சம் வறுத்த கடலையும் வாங்கி வைத்துக்கொண்டு கேளுங்கள்.