சேய்மையும் அண்மையும்

இரண்டு ஊர்களுக்கு இடைப்பட்ட தொலைவை இருவகையாக அளக்கலாம். நிலப்படத்தின்மேல் அளவுகோலை வைத்துக் காண்பது ஒருவகை. ஓரூரிலிருந்து புறப்பட்டவர் மற்றோரூரைச் சென்றடையும் காலத்தைக் கொண்டு காண்பது மற்றொரு வகை. இவ்விரண்டும் எப்பொழுதும் ஒத்து வருவதில்லை. இவ்வுண்மையை யாழ்ப்பாணத்துக்கும் சென்னைக்கும் இடையேயுள்ள வானவழி நன்கு விளக்கும்.

யாழ்ப்பாண நகருக்கு வடக்கே பலாலி என்னும் இடத்தில் விமான நிலையம் ஒன்று உள்ளது. சென்னையின் விமான நிலையம் மீனம்பாக்கத்தில் அமைந்துள்ளது. இரண்டும் ஏறக்குறைய 80 பாகைக் கிழக்குத் தீர்க்கரேகையை ஒட்டியவை. பலாலியின் அட்சரேகை வடக்கு 9.8 பாகை, மீனம்பாக்கத்தின் அட்சரேகை வடக்கு 13 பாகை. வேறுபாடு 3.2 பாகை. தெற்கு வடக்காக ஒரு பாகை என்பது ஏறத்தாழ 111 கிலோமீட்டர். பெருக்கிப் பார்த்தால் 355 கிலோமீட்டர் என்னும் விடை கிடைக்கும்.

சுழல்விசிறி பூட்டிய சிறு விமானம் நடுவானில் மணிக்கு 500 கிலோமீட்டர் அளவில் விரையும். ஆயினும், ஓடுபாதையில் ஊர்வதற்கும், மேலெழுவதற்கும், தாழ்ந்து இறங்குவதற்கும் காலம் வேண்டும். ஆதலின் பயணம் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேற்படும்; பழங்கணக்கில் கூறினால் ஏறத்தாழ மூன்று நாழிகை. 2006 முதல் இரு நாடுகளும் ஒரே மணிக்கணக்கைக் கைக்கொண்டுள்ளமையால், பயணி தம் கடிகாரத்தைத் திருத்த வேண்டுவதும் இல்லை.

இவ்வழி புதியதன்று. ஏர் சிலோன் நிறுவனத்தின் முதல் விமானம் 1947 டிசம்பர் 10ஆம் நாள் இரத்மலானையிலிருந்து புறப்பட்டு, பலாலியில் இறங்கிப் பின் சென்னையை அடைந்தது. காலப்போக்கில் அச்சேவை நின்றது. 1983இல் மூண்ட உள்நாட்டுப் போர் 2009 வரை நீண்டது. போர் ஓய்ந்து பத்தாண்டுகள் கழிந்த பின்னரே இவ்வழி மீண்டும் திறந்தது.

அதுகாறும் யாழ்ப்பாணத்து மூதாட்டி ஒருத்தி சென்னையில் வாழும் தன் பேரப்பிள்ளையைக் காண விழைந்தால், அவள் செய்ய வேண்டியது யாது? வடக்கே இருக்கும் ஊருக்குச் செல்வதற்காக முதலில் தெற்கு நோக்கி 350 கிலோமீட்டருக்கு மேல் தரைவழியே சென்று கட்டுநாயக்காவை அடைய வேண்டும். ஆங்கு விமானம் ஏறி, வடக்கு நோக்கி ஏறத்தாழ 640 கிலோமீட்டர் பறக்க வேண்டும். கட்டுநாயக்காவையும் மீனம்பாக்கத்தையும் ஒரு நேர்கோட்டால் இணைத்துப் பாருங்கள். அக்கோடு யாழ்ப்பாணத்தின் மீதே செல்வதைக் காண்பீர்கள்! 355 கிலோமீட்டர் வழிக்கு ஏறக்குறைய ஆயிரம் கிலோமீட்டர் பயணம். மூன்று நாழிகைக்கு ஒரு நாள் முழுதும் அலைச்சல்.

2019 அக்டோபர் 17ஆம் நாள் பலாலி பன்னாட்டு விமான நிலையமாகத் திறக்கப்பெற்றது. நவம்பர் 11இல் சென்னையுடன் விமானப் போக்குவரத்துத் தொடங்கியது. கொரோனா பெருந்தொற்றால் இடையில் நின்ற அது, 2022 டிசம்பர் 12இல் மீண்டும் உயிர்பெற்றது.

இத்தனை ஆண்டுகளிலும் ஊர்கள் இடம்பெயரவில்லை. இடைப்பட்ட கடலும் விரியவில்லை, சுருங்கவில்லை. வழி அடைபட்டபோது அண்மை சேய்மையாயிற்று; வழி திறந்தபோது சேய்மை மீண்டும் அண்மையாயிற்று. ஆதலின், தொலைவைக் கணக்கிட முற்படும் மாணவர்கள் கிலோமீட்டரையும் மணியையும் எண்ணுவதோடு அமையாது, அவ்வழி மக்களுக்குத் திறந்துள்ளதா என்பதையும் கேட்டறிதல் வேண்டும்.