பச்சைப் பெட்டிக்கு ஏன் இவ்வளவு விலை?

கிட்டார் வாங்கின கொஞ்ச நாள்லயே எல்லாருக்கும் வர்ற அடுத்த வியாதி பெடல். அதுலயும் முதல்ல ஓவர்டிரைவ். அது என்னன்னு கேக்கறவங்களுக்கு: எங்க செய்யூர்ப் பக்கம் திருவிழாவுல குழாய் ஸ்பீக்கர்ல வால்யூமை ஏத்திக்கிட்டே போனா, ஒரு கட்டத்துல பாட்டு உடைஞ்சு கரகரன்னு வரும் இல்லையா? அந்தக் கரகரப்பை அளவா, வேணும்ங்கற இடத்துல மட்டும் வரவழைக்கிற சின்னப் பெட்டி. மிதிச்சா ஆன், மறுபடி மிதிச்சா ஆஃப்.

இதுல எல்லாரும் கும்பிடற சாமி ஐபனீஸ் டியூப் ஸ்க்ரீமர். ஜப்பான்ல மாக்ஸான் தயாரிச்சுக் கொடுத்த பச்சைப் பெட்டி. டிஎஸ்808 1979ல வந்தது, அப்புறம் டிஎஸ்9. ஸ்டீவி ரே வான் வாசிச்சதுக்கு அப்புறம் கேக்கவே வேணாம்! டிஎஸ்9 புதுசு நம்ம ஊர்ல பத்தாயிரத்துக்கு மேல. அதே சத்தம் தர்றோம்னு வர்ற பெஹ்ரிங்கர் டிஓ800, ஜோயோ விண்டேஜ் ஓவர்டிரைவ் எல்லாம் அதுல சின்னப் பங்குதான். மீதிக் காசு எதுக்குன்னு தெரியாம பி.காம் படிக்கிறவனுக்குத் தூக்கம் வருமா?

உள்ளே பார்த்தா 4558னு ஒரு ஐசி, ரெண்டு டயோடு, சில டிரான்சிஸ்டர், கொஞ்சம் ரெசிஸ்டர், கெப்பாசிட்டர். அந்த 4558 வேற யாரும் இல்ல, நம்ம ஊர் ஆம்ப்ளிஃபையர்ல பாஸ்-ட்ரெபிள் போர்டுல உக்காந்திருக்கற அதே ஆள். ரிச்சி ஸ்ட்ரீட்ல சில்லறைக்குக் கிடைக்கும். பழைய ஜேஆர்சி ஐசிதான் வேணும்னு தேடி அலையறவங்களும் இருக்காங்க. ஆனா சத்தத்தை உடைக்கிற வேலையைச் செய்யறது அந்த ரெண்டு டயோடுதான். அங்கேயே 720 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருக்கற பேஸுக்குக் கரகரப்பு குறையுது, நடு ஒலி முன்னாடி வந்து நிக்குது. டிரம்ஸுக்கு நடுவுலயும் கிட்டார் தனியாக் கேக்கறது இதனாலதான். இந்தக் கணக்கை எந்தக் கம்பெனி போட்டாலும் விடை ஒண்ணுதான். 808க்கும் 9க்குமே முக்கிய வித்தியாசம் கடைசியில இருக்கற ரெண்டு ரெசிஸ்டர்: 100 ஓம், 10 கிலோஓம் இருந்த இடத்துல 470 ஓம், 100 கிலோஓம். அவ்வளவுதான்!

அப்போ நகல் எடுத்தா கேஸ் போட மாட்டாங்களா? போட்டாங்க. பாஸ் பெடல் விக்கற ரோலண்ட் 2005ல பெஹ்ரிங்கர் மேல போட்டாங்க. ஆனா சண்டை முக்கியமா பெடலோட தோற்றத்துக்காக. தோற்றத்தை மாத்தின பிறகு 2006ல சமாதானம் ஆயிட்டாங்க. பேட்டண்ட்னா இந்தியாவுல 20 வருஷத்தோட சரி. டிரேட்மார்க்கை 10 வருஷத்துக்கு ஒரு தடவை புதுப்பிச்சு எவ்வளவு காலமும் வச்சுக்கலாம். சர்க்யூட் ஊர்ப்பொது, பேர் மட்டும் சொந்தச் சொத்து. (கல்கத்தா கிவ்சன் கிட்டார் பேரைப் பார்த்து கிப்சன்னு நினைச்சவங்க கை தூக்குங்க :-))

அதுக்காக விலை முழுக்கப் பேருக்குன்னு சொல்ல மாட்டேன். பெட்டி, சுவிட்ச், ஜாக் இதுலயும் காசு இருக்கு. டிஓ800 பெட்டி பிளாஸ்டிக். வீட்டுல வாசிக்கப் போதும், மேடையில ஷூ காலோட மிதிக்க எனக்கு மனசு வராது. ஜோயோ பெட்டி உலோகம். ஆனா எங்க பக்கம் உப்புக்காத்து எந்த ஜாக்கையும் விட்டு வைக்காது, அசலோ நகலோ.

மாசத்துல நாலு கச்சேரி வாசிக்கிறவங்க டிஎஸ்9 வாங்கிக்கட்டும். மத்தவங்களுக்கு என் ஓட்டு ஜோயோவுக்கு. மிச்சக் காசுல நல்ல 9 வோல்ட் அடாப்டர் ஒண்ணு வாங்கிடுங்க. அடாப்டர் மட்டமா இருந்தா எவ்வளவு ஒசத்தி பெடலும் "ம்ம்ம்"னு முனகிக்கிட்டேதான் இருக்கும்.