குழாயின் வாய்க்கோணம்

பலாலி விமான நிலையம் எங்கள் தெல்லிப்பழைக்கு அயலில் இருப்பதனாலோ என்னவோ, என்னிடம் பௌதிகம் பயிலும் மாணாக்கருக்குப் பறப்பதில் தனி மோகம். தாமே அமைத்த சிறு விமானங்களிற் பறந்த நம் நாட்டுப் பொறியியலாளர் ரே விஜேவர்தன (1924–2010) பற்றிக் கூறினால் விழி மலரக் கேட்பர். இறக்கையைப் பற்றி நூறு வினா எழும்; எரிபொருட் குழாயைப் பற்றி ஒன்றேனும் எழாது.

ஆகவே, அவ்வினாவை நானே எழுப்புவதுண்டு. தோட்டத்தில் நீரிறைக்கும் இயந்திரத்தின் குழாய் வெடித்தால், பயிர் ஒரு நாள் வாடும், அவ்வளவே. விமானத்தின் குழாய் வெடித்தால்?

பெற்றோலில் ஊறி உப்பாத, வெப்பத்தில் இளகாத றப்பர்க் குழாயே விமானத்துக்கு உகந்தது. இயந்திரத்தின் அருகே அதற்குத் தீத்தாங்கும் உறையும் வேண்டும். அலுமினியம் 660 பாகை செல்சியசில் உருகிவிடுமாதலால், அவ்விடத்துப் பொருத்திகள் உருக்கினால் ஆனவையாய் இருத்தல் நன்று.

இன்னும் நுட்பமானதொன்று உண்டு. விமானப் பொருத்தியின் கூம்புவாய்க் கோணம் 37 பாகை. மோட்டார் வண்டிகளில் வழங்கும் ஒருவகைப் பொருத்திக்கோ 45 பாகை. சில அளவுகளில் இரண்டுக்கும் புரி ஒன்றே. ஆதலின் இரண்டும் இறுகப் பூட்டிக்கொள்ளும். ஆயினும் வாய்கள் படிந்து பொருந்தா. அந்த 8 பாகை வேறுபாட்டின் வழியே எரிபொருள் கசியலாம். சூடேறிய இயந்திரத்தருகே கசிவு தீயாவதற்கு நெடுநேரம் வேண்டியதில்லை.

“பூட்டிப் பார்த்தேன், சரியாக இருக்கிறது, சேர்” என்பர் மாணாக்கர். பூட்டிக்கொள்வது வேறு, பொருந்துவது வேறு என்பேன். பறக்க விழையும் பிள்ளைகள் முதலில் அளக்கப் பழகட்டும்.