விடுமுறைக்குக் காயல் செல்வோர் வானத்தையும் பாருங்கள்

அரையாண்டுத் தேர்வு முடிந்து பிள்ளைகள் புத்தகப் பையை மூலையில் வைத்ததும் வீட்டில் எழும் முதற் பேச்சு, "எந்த ஊருக்குப் போகலாம்?" என்பதுதானே! டிசம்பர் இறுதி வாரத்தில் காயல்பட்டினம் செல்ல எண்ணியிருக்கும் வாசக நேயர்களே, இக்கட்டுரை உங்களுக்காகவே.

நெல்லையிலிருந்து திருச்செந்தூர் செல்லும் ரயிலில் ஏறி அமருங்கள். ஸ்ரீவைகுண்டம், ஆழ்வார்திருநகரி வரை தாமிரபரணியின் வளம் உடன் வரும். வாழைத் தோட்டங்களும் நிறைந்த குளங்களும் கண்ணுக்கு விருந்தாகும். ஆறுமுகநேரியை நெருங்கினால் காட்சி மாறும். மழைக்காலத்தில் உப்பளப் பாத்திகள் உப்பு விளையாமல் நீர் தேங்கிக் கிடக்கும். அடுத்த நிலையமே காயல்பட்டினம். வீட்டுப் பெண்கள் தெருவுக்கு வராமலே வந்துபோக அமைந்த முடுக்குகள், களறிச் சாப்பாடு, மாலை நேரக் கடற்கரை – இவற்றைப் பற்றி உங்கள் உறவினர்கள் ஏற்கெனவே சொல்லியிருப்பார்கள். சென்னையிலும் இலங்கையிலும் ஹாங்காங்கிலும் வணிகம் செய்வோர் ஊர் திரும்பும் காலமாகையால் விடுமுறையில் தெருக்கள் கலகலப்பாகவே இருக்கும்.

பொதுவாக இது மழை குறைந்த கரை. இலங்கைத் தீவு வடகிழக்குக் காற்றை ஓரளவு மறித்து நிற்பதால், நாகையைப் போல இங்கே மழை கொட்டுவதில்லை. ஐப்பசி, கார்த்திகை கழிந்து மார்கழி பிறந்தால் வானம் தெளியும் என்பது மூத்தோர் கணக்கு. பெரும்பாலான ஆண்டுகளில் அக்கணக்கு பொய்ப்பதில்லை.

ஆனால் 2023 டிசம்பர் 17 அன்று நடந்தது என்ன? அன்று மார்கழி முதல் நாள். புயல் இல்லை, துறைமுகத்தில் கூண்டேற்றும் அளவுக்குக் காற்றும் இல்லை. குமரிக் கடல் பகுதியில் நிலைகொண்ட ஒரு மேலடுக்குச் சுழற்சி நகர மறுத்துவிட்டது. மறுநாள் காலை எட்டரை மணி வரையிலான 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் பதிவான மழை சுமார் 95 சென்டிமீட்டர்! ஓராண்டு முழுவதும் பெய்யும் மழையைக் காட்டிலும் மிகுதி. குளங்கள் உடைந்தன, ஏரல் நீரில் மூழ்கியது. அன்றிரவு திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட ரயில், ஏறத்தாழ 800 பயணிகளுடன் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோயிற்று. தண்டவாளத்தின் அடியிலிருந்த மண்ணை வெள்ளம் அரித்துக்கொண்டு போயிருந்தது. 19ஆம் தேதிதான் அனைவரும் மீட்கப்பட்டனர். அதுவரை அவர்களின் பசியை ஆற்றியவர்கள் பக்கத்துக் கிராமத்து மக்கள். தங்கள் ஊர்க் கோயிலில் உலை வைத்துச் சமைத்துப் போட்டார்கள். சாதி, மதம் எதையும் கேளாத அந்தக் கைகளை நாம் மறக்கலாகாது.

வானிலை அறிக்கையைக் கேட்கும் நாம், "புயல் உண்டா?" என்று மட்டுமே கேட்கிறோம். 1964 டிசம்பர் 22 இரவு தனுஷ்கோடியை அழித்ததும், 2011 டிசம்பர் 30 அன்று கடலூர் – புதுவை இடையே கரை கடந்த 'தானே'யும் புயல்கள்தாம். ஆயினும் பெயரில்லாத சுழற்சியும் ஊரை மூழ்கடிக்கும். இன்னொன்றும் கவனியுங்கள். 20 சென்டிமீட்டருக்கு மேற்பட்ட மழை அனைத்துக்கும் 'அதிகனமழை' என்ற ஒரே சொல்தான். இருபத்தொன்றுக்கும் அதுவே, தொண்ணூற்றைந்துக்கும் அதுவே. எனவே சிவப்பு எச்சரிக்கை என்றால் "சற்றுக் கூடுதல் மழைதானே" என்று எண்ணிவிடாதீர்கள்.

பயணத்துக்கு ஐந்து நாள் முன்பிருந்தே வானிலை ஆய்வு மையத்தின் அறிவிப்பைப் பாருங்கள். இலங்கைக்குத் தெற்கிலோ குமரிக் கடலிலோ சுழற்சி எனக் கண்டால், முன்பதிவுக் கட்டணத்தில் சிறிது நட்டமானாலும் இரண்டு நாள் தள்ளிப் புறப்படுங்கள். கைக்குழந்தையும் முதியோரும் உடன் வருவதாயின் இரவு ரயிலைத் தவிர்த்துப் பகல் வண்டியில் செல்வது மேல். மருந்து, பால் மாவு, குடிநீர், ரொட்டி ஆகியவற்றை ஒரு நாளைக்கு அதிகமாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

வானம் தெளிந்திருந்தால், இன்ஷா அல்லாஹ், அஸருக்குப் பின் பிள்ளைகளுடன் காயல் கடற்கரைக்குப் போய் அமருங்கள். மழை கழுவிய மணலும் குளிர்ந்த காற்றும் ஆண்டில் வேறெந்த மாதத்திலும் கிடைப்பதில்லை. கடலில் இறங்க மட்டும் அவர்களை விடாதீர்கள். அலை இன்னும் அடங்கியிராது.