நாக்கு மரத்த நாள்கள்

மூன்று ஏக்கரில் கம்பும் நிலக்கடலையும் போடுகிற விவசாயி நான். என் வீட்டுக்காரம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய். 21 நாள்களுக்கு ஒருமுறை மருந்து ஏற்றினார்கள். முடி கொட்டும், வாந்தி வரும் என்பதெல்லாம் தெரியும். ருசி போனதுதான் எங்களை உலுக்கிவிட்டது.

இரண்டாவது தடவை மருந்து ஏறிய பிறகு, ரசத்தை வாயில் வைத்தவர், "துருப்பிடிச்ச ஆணிய நக்குற மாதிரி இருக்கு" என்றார். தண்ணீரும் கசந்தது. ஆறு கிலோ எடை இறங்கிவிட்டது. "இப்படியே குறைஞ்சா அடுத்த மருந்தைத் தள்ளிப்போட வேண்டிவரும்" என்றார் டாக்டர்.

காரணத்தையும் அவரே விளக்கினார். வேகமாகப் பெருகும் செல்களைத் தாக்குவதுதான் இந்த மருந்தின் வேலை. நாக்கின் சுவை செல்களும் சுமார் 10 நாள்களில் புதிதாக மாறுபவை. களைக்கு அடிக்கிற மருந்து பயிரின் கொழுந்தையும் கருக்குவதுபோல அவையும் அடிவாங்குகின்றன.

நாங்கள் செய்த மாற்றங்கள் இவை. எவர்சில்வருக்குப் பதில் பீங்கான் தட்டு, மரக்கரண்டி. சாப்பிடும் முன்பு, ஒரு லிட்டர் வெதுவெதுப்பான நீரில் உப்பும் சமையல் சோடாவும் தலா ஒரு டீஸ்பூன் கலந்து வாய் கொப்பளித்துத் துப்புவார். சூட்டில் வாடை தூக்கலாகத் தெரிவதால் ஆறவைத்தே கொடுத்தோம். கறி கசந்தது, முட்டை, பாசிப்பருப்பு, எங்கள் காட்டுக் கடலையில் அரைத்த துவையல் இறங்கின. வெறும் தண்ணீருக்குப் பதில் சீரகத்தூள் போட்ட மோர். எலுமிச்சைச் சாறு நாக்கை எழுப்பியது. வாய்ப்புண் வந்த நாள்களில் அதை நிறுத்தினோம். மூன்று வேளைச் சாப்பாட்டை ஆறாகப் பிரித்தோம். அவருக்குப் பிடித்த பழைய சோறு மட்டும் கிடையாது. வெள்ளை அணுக்கள் குறைந்திருக்கும்போது கிருமித் தொற்று ஆபத்து என்று டாக்டர் தடுத்துவிட்டார்.

எல்லாவற்றையும்விட அவரை வாட்டியது வேறொன்று. ஊரில் விசேஷம் என்றால் குழம்புக்கு உப்பு பார்க்க அவரைத்தான் கூப்பிடுவார்கள். அந்த மாதங்களில் உப்பு பார்க்க என்னைக் கூப்பிட்டார். கூப்பிடும்போது என் முகத்தைப் பார்க்க மாட்டார்.

எடை நின்றது, மருந்து ஒருமுறையும் தள்ளிப்போகவில்லை. சிகிச்சை முடிந்து இரண்டு மாதம் கழித்து, நான் வைத்த குழம்பைச் சாப்பிட்டுவிட்டு, "இவ்வளவு உப்பா?" என்று திட்டினார். அப்படி ஒரு திட்டுக்குத்தான் காத்திருந்தேன்.

உங்கள் வீட்டிலும் யாராவது இந்தச் சிகிச்சையில் இருந்தால், வாரம் ஒருமுறை எடை பாருங்கள். குறைந்தால் உடனே டாக்டரிடம் சொல்லுங்கள். "சாப்பிடு, சாப்பிடு" என்று மட்டும் நெருக்காதீர்கள். அது அடம் இல்லை, நாக்கின் நிலைமை.