ரெண்டும் ஒண்ணுதானே?

எங்க ஊர் பேரு கலவை. காலேஜ்ல ஊர் பேர் சொன்னதும் "என்ன கலவை, சிமெண்ட் கலவையா?"ன்னு கேக்காதவன் கிடையாது. ஆற்காட்டுக்குப் பக்கம். 2019-ல வேலூர் மாவட்டத்தைப் பிரிச்சப்போ ராணிப்பேட்டை மாவட்டத்துக்குப் போயிடுச்சு. ஊர் பேருக்கும் இந்தப் பதிவுக்கும் ஒரு சம்பந்தம் இருக்கு, கடைசி வரைக்கும் படிங்க.

2022 கடைசியில நான் டெக்சாஸ்ல ஆன்சைட்ல இருந்தேன். ஆபீஸ்ல ஒரு திருநெல்வேலி அண்ணன். இருபது வருஷமா அங்கேயே இருந்து சிட்டிசன் ஆனவர். வார நாள்ல டேட்டாபேஸ், வாரக் கடைசியில துப்பாக்கி சுடுற போட்டி. சுட்டு முடிச்ச பித்தளைக் கூட்டைப் பொறுக்கிட்டு வந்து, கராஜ்ல உக்காந்து அவரே திரும்பத் தோட்டா செய்வார். ரீலோடிங்னு பேரு. அங்க இது ரொம்ப சாதாரணமான பொழுதுபோக்கு.

எனக்கு அதுல வேலை வேடிக்கை பாக்குறது, நோட்டுல எழுதுறது, அவ்வளவுதான். எச்1பி விசாக்காரன் துப்பாக்கியோ தோட்டாவோ வச்சிருக்கக் கூடாதுன்னு அமெரிக்கச் சட்டம். வேட்டை லைசென்ஸ் மாதிரி சில விதிவிலக்கு உண்டு, என்கிட்ட அதெல்லாம் ஏது? "தம்பி, நீ எதையும் தொடாதே, விசா போயிரும்"னு அண்ணன் முதல் நாளே சொல்லிட்டார்.

தோட்டாவுல நாலு சாமான். பித்தளைக் கூடு, மருந்து, குண்டு, ப்ரைமர். ப்ரைமர்ங்கறது கூட்டோட அடியில சொருகுற குட்டிக் கிண்ணம். அண்ணன் செய்யுற தோட்டாவுக்கு அதோட அகலம் நாலரை மில்லிமீட்டர்கூட இல்ல. தீபாவளிக்கு நாம சுடுற ரோல் கேப் மாதிரிதான். சுத்தி அடிச்சா பொறி பறக்கும், அந்தப் பொறிதான் உள்ள இருக்கிற மருந்தைப் பத்த வைக்கும்.

கொரோனா வந்த 2020-லேர்ந்து அமெரிக்காவுல ப்ரைமருக்குப் பயங்கரத் தட்டுப்பாடு. முன்னாடி ஆயிரம் முப்பது நாப்பது டாலருக்குக் கிடைச்சது, நூறு டாலர் குடுத்தாலும் கிடைக்கல. அடுத்த ஞாயித்துக்கிழமை போட்டி, அண்ணன்கிட்ட சாதா ப்ரைமர் சுத்தமா காலி. கடையில கிடைச்சது ஒரு டப்பா மேக்னம் ப்ரைமர்.

நான் டப்பாவைப் படிச்சேன். அதே அளவு, அதே குழி, அதே மாதிரி உள்ள போகும். நம்ம சாப்ட்வேர் மூளை உடனே வேலை செஞ்சது. இன்டர்பேஸ் ஒண்ணா இருந்தா பழசைக் கழட்டிட்டு புதுசை மாட்டு!

"அண்ணே, ரெண்டும் ஒண்ணுதானே? பழைய கணக்குலயே போட்டுடுங்க"ன்னேன்.

அண்ணன் சிரிக்கல. ரெண்டு தோட்டாவை எடுத்துப் பக்கத்துல பக்கத்துல நிக்க வச்சார். ஒண்ணு .38 ஸ்பெஷல், இன்னொண்ணு .357 மேக்னம். மேக்னம் மூணு மில்லிமீட்டர் சொச்சம் உசரம், மத்தபடி அச்சு அசல் ஒண்ணு. "இது ஏன் உசரம் தெரியுமா?"

.38-ல அனுமதிச்ச உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 17,000 பவுண்ட். .357-ல 35,000. ரெண்டு மடங்குக்கு மேல. அதனால 1935-ல .357 வந்தப்போ, பழைய .38 துப்பாக்கியில அது தெரியாம உள்ள போயிடக் கூடாதுன்னே கூட்டை நீட்டிட்டாங்க. தப்பு பண்ண நினைச்சாலும் பண்ண முடியாது.

"ப்ரைமர்ல அந்தக் காவல் கிடையாது தம்பி. சாதாவும் மேக்னமும் ஒரே குழியில போகும். எதுக்கு எதுன்னு மனுஷந்தான் பாக்கணும்."

மெதுவா எரியுற மருந்தை நிறையப் போட்டா, அது ஒழுங்காப் பத்திக்க பெரிய நெருப்பு வேணும். கடுங்குளிர்லயும் அப்படித்தான். அதுக்குத்தான் மேக்னம். வேகமா எரியுற மருந்துல அதே நெருப்பைக் காட்டினா அழுத்தம் ஏறலாம். எவ்வளவு ஏறும்னு உக்காந்த இடத்துல சொல்ல முடியாது. ஏற்கெனவே உச்சத்துக்குப் பக்கத்துல இருந்தா கொஞ்சம் ஏறினாலே ஆபத்து. கை பக்கத்துலயே இருக்கு. அதனாலதான் ஒரு சாமானை மாத்தினாலும் மருந்தைக் குறைச்சு, கீழேர்ந்து மறுபடி ஆரம்பின்னு ரீலோடிங் புத்தகங்கள்ல திரும்பத் திரும்ப எழுதியிருக்கு.

அன்னிக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரல. "ரெண்டும் ஒண்ணுதானே"ங்கற வார்த்தையை நான் சின்ன வயசுலேயே கேட்டிருக்கேன்.

எங்கப்பா கலவையிலேர்ந்து தினம் பஸ் ஏறி ராணிப்பேட்டை பக்கம் ஒரு தோல் ஷாப்புக்குப் போவார். டிரம்முல வேலை. தோலை முதல்ல ஆசிட்ல ஊற வச்சு, குரோம் போட்டு, அது தோலுக்குள்ள முழுசா இறங்கினதும் ஆப்பசோடாவைத் தண்ணியில கரைச்சு, மணிக்கணக்கா கொஞ்சம் கொஞ்சமா ஊத்தணும். அப்பதான் குரோம் தோலோட பிடிச்சுக்கும். ஒரு நாள் ஆப்பசோடா தீந்து போச்சு. சூப்பர்வைசர் சோடா ஆஷ் மூட்டையைக் காட்டி "ரெண்டும் சோடாதானே, அதே எடை போடு"ன்னுட்டார்.

ரெண்டும் வெள்ளைப் பொடிதான். ஆனா எடைக்கு எடை பாத்தா சோடா ஆஷுக்கு ஒன்றரை மடங்குக்கு மேல வேகம். குரோம் மேல்தோல்லயே பிடிச்சு நின்னுடுச்சு. ஒரு துண்டு வெட்டிப் பாத்தா ஓரம் நீலம், நடுவுல வெள்ளை. ஒரு டிரம் தோல் வீண். போடச் சொன்னவர் வாயைத் திறக்கல. பழி போட்ட கைக்கு வந்தது. அந்த வருஷம் அப்பாவுக்கு இன்க்ரிமெண்ட் இல்ல. அப்பா அதை இப்பவும் சொல்வார், கோபமா இல்ல, கணக்கு மாதிரி.

அந்த வார்த்தையைத்தான் நான் சொல்லியிருக்கேன். போட்டிருந்தா சுடப்போறது அண்ணனோட கை. நான் பக்கத்துல நோட்டோட நின்னுருப்பேன்.

சனிக்கிழமை அண்ணன் மருந்தைக் குறைச்சுப் பத்துப் பத்தா செஞ்சு எடுத்துட்டு வந்தார். ஒவ்வொண்ணுக்கும் வேகத்தை அளந்து, கூட்டைத் திருப்பிப் பாத்து, அப்புறம்தான் ஒரு படி மேல. வேகம் முன்னைக்குக் கொஞ்சம் கூடத்தான் இருந்துச்சு, பயப்படற அளவுக்கு இல்ல. நாங்க எதிர்பார்க்காதது வேற. ஐம்பதுல மூணு வெடிக்கவே இல்ல! டிக்னு ஒரு சத்தம், அவ்வளவுதான். அண்ணன் துப்பாக்கியை இலக்குப் பக்கமே பிடிச்சுக்கிட்டு அரை நிமிஷம் அசையாம நின்னார், லேட்டா வெடிச்சாலும் வெடிக்கும்னு. சில மேக்னம் ப்ரைமர்ல கிண்ணத்தோட தகடு தடிமன். அண்ணனோ ட்ரிகர் லேசா இருக்கணும்னு ஸ்பிரிங்கைத் தளர்த்தி வச்சிருந்தார். அடி பத்தல.

அதிகமா வெடிச்சிடுமோன்னு பயந்தோம், வெடிக்காமப் போச்சு. மாத்திப் போட்டா எந்தப் பக்கம் சறுக்கும்னு முன்கூட்டியே தெரியாதுங்கறது அப்பதான் எனக்கு உறைச்சது. அண்ணன் அந்த ஞாயித்துக்கிழமை போட்டிக்குப் போகல.

நான் அப்பாவுக்கு போன் போட்டு எல்லாத்தையும் சொன்னேன். துப்பாக்கி, விசா எதுவும் அவர் கேக்கல. "அவர் புத்தகத்தைப் பாத்தாரு இல்ல? நல்ல மனுஷன்"னார்.

இப்பல்லாம் ஆபீஸ்ல எவனாவது "ட்ராப் இன் ரீப்ளேஸ்மெண்ட், அப்படியே மாட்டிடலாம்"னா, எங்க ஊர் எதுன்னு சொல்லிட்டு அப்பா கதையை ஆரம்பிச்சுடறேன். ஓடிப் போயிடறானுங்க :)

டிஸ்கி: இது செய்முறைப் பதிவு இல்ல சாமிகளா. நம்ம நாட்டுல 1959 ஆயுதச் சட்டப்படி துப்பாக்கி, தோட்டா வச்சிருக்கவே லைசென்ஸ் வேணும், தயாரிக்கத் தனி லைசென்ஸ். நமக்கு ரோல் கேப் போதும்.