மூன்று முறை ஃபெயில், நான்காவது முறை பாஸ், இப்போது மறுபடியும் ஃபெயில்! - கிம் கர்தாஷியனை விடாமல் துரத்தும் கேலி

2025 நவம்பரில் ஒரே வாரத்தில் கிம் கர்தாஷியனுக்கு இரண்டு அடிகள் விழுந்தன. விவாகரத்து வழக்கறிஞராக அவர் நடித்த ‘ஆல்ஸ் ஃபேர்’ தொடரை விமர்சகர்கள் கிழித்துத் தொங்கவிட்டார்கள். அந்தச் சூடு ஆறும் முன்பே, கலிஃபோர்னியா வழக்கறிஞர் தேர்வில் தேர்ச்சி பெறவில்லை என்று அவரே இன்ஸ்டாகிராமில் அறிவித்தார். கேட்கவா வேண்டும்? திரையிலும் வக்கீலாக முடியவில்லை, நிஜத்திலும் முடியவில்லை என்று கிண்டல் கொடிகட்டிப் பறந்தது.

சட்டம் படிக்கிறேன் என்று அவர் ‘வோக்’ இதழுக்குச் சொன்ன 2019 ஏப்ரலிலிருந்தே இந்தக் கேலி அவரை விட்டபாடில்லை. ரியாலிட்டி ஷோ, மேக்கப், உள்ளாடை பிசினஸ் என்று இருப்பவருக்கு இது தேவையா என்றார்கள் சிலர். பணத்தைக் கொட்டிப் பட்டம் வாங்கப் பார்க்கிறார் என்றார்கள் வேறு சிலர்.

ஆசை எங்கிருந்து வந்தது?

கிம்மின் அப்பா ராபர்ட் கர்தாஷியன் ஒரு வழக்கறிஞர். அமெரிக்காவையே டி.வி முன்னால் உட்காரவைத்த ஓ.ஜே.சிம்ப்சன் கொலை வழக்கில், தன் நண்பர் சிம்ப்சனுக்காக வாதாடிய குழுவில் இருந்தவர். 1995-ல் தீர்ப்பு வந்தபோது கிம்முக்கு 14 வயது. கொலையான நிக்கோல், கிம்முடைய அம்மாவின் நெருங்கிய தோழி. அப்பா ஒரு பக்கம், அம்மா மறுபக்கம் என வீடே இரண்டாகப் பிரிந்து நின்ற காலம் அது. 2003-ல் அப்பா புற்றுநோயால் இறந்துபோனார்.

ஆனால், கிம்மைச் சட்டப் புத்தகத்தின் பக்கம் திருப்பியவர் ஆலிஸ் மேரி ஜான்சன். வன்முறை எதிலும் ஈடுபடாத ஆலிஸுக்கு, போதைப்பொருள் வழக்கில் ஆயுள் தண்டனை. அவர் 20 ஆண்டுகளுக்கும் மேலாகச் சிறையில் இருந்தார். அவரைப் பற்றிய வீடியோவைத் தற்செயலாகப் பார்த்த கிம், வழக்கறிஞர்களை ஏற்பாடு செய்தார். 2018 மே 30-ம் தேதி வெள்ளை மாளிகைக்குப் போய் அதிபர் ட்ரம்ப்பையே சந்தித்தார். ஒரே வாரத்தில் ஆலிஸ் விடுதலை! பேரன், பேத்திகளைக் கண்ட பாட்டி அவர்.

அதன் பிறகும் தண்டனைக் குறைப்பு தொடர்பான கூட்டங்களில் கிம் உட்கார்ந்தார. சுற்றிலும் சட்டம் தெரிந்தவர்கள் பேச, தனக்கு அது போதுமான அளவு தெரியவில்லை என்பது அங்கேதான் அவருக்கு உறைத்தது.

இது குறுக்குவழியா?

கேலி செய்தவர்களில் பலருக்குத் தெரியாத விஷயம் ஒன்று உண்டு. சட்டக் கல்லூரிக்குப் போகாமலே வழக்கறிஞராகும் வழி கலிஃபோர்னியா, வெர்மான்ட், வர்ஜீனியா, வாஷிங்டன் மாநிலங்களில் இருக்கிறது. ஆப்ரகாம் லிங்கனும் கல்லூரி வாசலை மிதிக்காமல் சட்டம் படித்தவர்தான்.

கலிஃபோர்னியாவில் அதற்கான விதிகள் ரொம்பவே கறார். அனுபவமுள்ள வழக்கறிஞர் அல்லது நீதிபதியின் கீழ் நான்கு ஆண்டுகள் படிக்க வேண்டும். வாரத்துக்குக் குறைந்தது 18 மணி நேரம், மாதாமாதம் தேர்வு. முதல் ஆண்டு முடிந்ததும் ‘பேபி பார்’ என்று செல்லமாக அழைக்கப்படும் தேர்வு. பெயரில்தான் பேபி! எழுதுபவர்களில் பெரும்பாலானோரைக் கவிழ்த்துவிடும் தேர்வு அது.

கிம்மையும் கவிழ்த்தது. முதல் முயற்சியில் தேவைப்பட்டது 560. அவர் எடுத்தது 474. இரண்டாவது முறையும் தோல்வி. மூன்றாவது முறை கொரோனா காய்ச்சலோடு எழுதி, மறுபடியும் தோல்வி. 2021 டிசம்பரில், நான்காவது முயற்சியில் தேறினார். நான்காண்டுப் படிப்பை முடிக்க ஆறு ஆண்டுகள் ஆகி, 2025 மே மாதத்தில்தான் நிறைவு செய்தார். ஜூலையில் இரண்டு நாள் நடக்கும் இறுதித் தேர்வை எழுதினார். அதில்தான் இந்தத் தோல்வி.

கேலியிலும் ஒரு நியாயம்

எல்லா விமர்சனத்தையும் பொறாமை என்று ஒதுக்கிவிட முடியாது. கடன் வாங்கிச் சட்டக் கல்லூரியில் படிப்பவர்கள் இருக்கிறார்கள். பகலில் வேலை, இரவில் படிப்பு என்று ஓடுபவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் ஃபெயிலானால் அடுத்த மாத வாடகைக்கே திண்டாட்டம். கிம்முக்கு அந்தப் பயம் இல்லை. வீட்டுக்கே வந்து சொல்லித்தர வழக்கறிஞர்களை அமர்த்திக்கொள்ள அவரால் முடியும். போதாக்குறைக்கு, சட்டக் கேள்விகளைச் சாட்ஜிபிடியிடம் கேட்டு, அது தப்பாகச் சொன்னதால் தேர்வுகளில் தோற்றதாக அவரே ஒரு பேட்டியில் போட்டு உடைத்தார். சிரிக்காமல் என்ன செய்வார்கள்?

ஆனால், தோற்றதற்காகச் சிரிப்பதுதான் இடிக்கிறது. கமலா ஹாரிஸ் இதே கலிஃபோர்னியா தேர்வில் முதல் முறை தோற்றவர். அந்த மாநிலத்தின் ஆளுநராக இருந்த ஜெர்ரி பிரவுனும் அப்படியே. ஸ்டான்ஃபோர்டு சட்டக் கல்லூரியின் டீனாக இருந்த கேத்லீன் சல்லிவனே 2005-ல் இதில் தேறவில்லை! பின்னாளில் சாதித்தவர்களுக்குத் தோல்வி ஒரு படிக்கட்டு என்கிறோம். கிம்முக்கு மட்டும் அதுவே, அறிவு இல்லை என்பதற்குச் சாட்சி ஆகிவிடுகிறது.

தேர்வுத் தோல்வியைவிடப் பெரிய தோல்வியையும் அவர் பார்த்திருக்கிறார். மரண தண்டனைக் கைதி பிராண்டன் பெர்னார்டுக்காகக் கடைசி நிமிடம் வரை போராடினார். 2020 டிசம்பர் 10-ம் தேதி தண்டனை நிறைவேற்றப்பட்டது. ‘பேபி பார்’ தேர்வோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த காலம் அது. அவர் அத்தோடு புத்தகத்தை மூடிவைத்துவிடவில்லை. அடுத்த ஆண்டு, ஓக்லஹோமாவில் ஜூலியஸ் ஜோன்ஸின் தண்டனை நிறைவேற சில மணி நேரமே இருந்தபோது அது ஆயுள் தண்டனையாகக் குறைக்கப்பட்டது. அவருக்காகக் குரல் கொடுத்தவர்களில் கிம்மும் ஒருவர்.

கிம் வழக்கறிஞர் ஆவாரா, மாட்டாரா? யாருக்கும் தெரியாது. தேறும் வரை விடப்போவதில்லை என்று சொல்லியிருக்கிறார். 45 வயதில், நான்கு பிள்ளைகளின் அம்மா, கோடிக்கணக்கானவர்கள் பார்க்க மறுபடியும் தேர்வு அறைக்குள் போய் உட்காரத் தயாராக இருக்கிறார். சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். இவரிடமிருந்து உதவி வருமா என்று சிறைக்குள் காத்திருப்பவர்களுக்கு, அவர் எத்தனையாவது முயற்சியில் பாஸானார் என்பது ஒரு விஷயமே இல்லை.